கோயமுத்தூர் தந்த நிதி மந்திரி

சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தவர் கோயமுத்தூர்க்காரர் என்பதை நமது ஜில்லாவில் அறியாதார் இலர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பொது அறிவுப் போட்டிக்காக அதை மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோருடைய அறிவு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. சற்று விஷயம் தெரிந்தவர்கள், அவர் அந்தப் பதவியில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்வார்கள். ஏன் நீடிக்கவில்லை என்று கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவது நம் ஊர் வழக்கமாக இருந்து வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அவர் மந்திரியான தினத்திலிருந்து தொடங்கினால் போதாது. அதற்கு முந்திய முப்பது வருஷங்களையும் பார்க்க வேண்டும்.

தேசிய இயக்கத்தின் பக்கம் நின்று எழுதும் ஒரு பத்திரிகைக்கு ஸர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரைப் பற்றி எழுதுவது இலகுவான காரியமன்று. ஜஸ்டிஸ் கட்சியின் வாயிலாகச் சட்டசபைக்குள் பிரவேசித்து, சுயராஜ்யக் கட்சியில் பெயர் பெற்று, காங்கிரஸ்காரர்கள் சட்டசபைகளை விட்டு வெளியேறிய காலத்தில் உள்ளேயே தங்கி, வெள்ளைக்கார சர்க்காரின் பட்டமும் பெற்று, பின்னர் காங்கிரஸ் தலைவர்கள் அமைத்த மந்திரி சபையிலேயே பொக்கிஷச் சாவியைக் கையில் வாங்கியவர் அவர். இத்தகையவரைத் தேசபக்தர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் கூடவில்லை. சர்க்கார் தாசர் என்று ஒதுக்கிவிடவும் கூடவில்லை.

அவர் 1892-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி கோயமுத்தூரில், வியாபாரத்திலும் ஆலைத் தொழிலிலும் ஈடுபட்ட செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கந்தசாமி செட்டியார். அந்தக் காலத்துக் கோயமுத்தூர் இன்றைய கோயமுத்தூர் அன்று. ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை தோன்றி அப்போது சில வருஷங்களே ஆகியிருந்தன. கரிசல் காட்டுப் பருத்தியை வாங்கி அரைத்து மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவதே பெரிய வியாபாரமாக இருந்தது. பைக்காராவின் மின்சாரம் 1930-களில் மலையிறங்கி வந்த பிறகுதான் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைக்கு மேல் ஆலை எழும்பியது. சிங்காநல்லூர்ப் பக்கத்து வஸந்தா மில் இவர்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. பஞ்சின் விலையும் நூலின் விலையும் வீட்டுக் கூடத்தில் தினமும் பேசப்பட்ட குடும்பம் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவருக்கு வந்த பெருமைக்கும் அவருக்கு நேர்ந்த சங்கடத்துக்கும் அந்தக் கூடத்துப் பேச்சுத்தான் ஆதாரம்.

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பொருளாதாரமும், பிறகு சட்டக் கல்லூரியில் சட்டமும் பயின்றார். வக்கீல் தொழிலில் அவருடைய மனம் செல்லவில்லை. 1917-ல் கோயமுத்தூர் முனிசிபாலிடியின் அங்கத்தினரானார்; அதன் உபதலைவராகவும் இருந்தார். 1920-ல் புதிய சீர்திருத்தத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது என்பது நேயர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷங்களில் அந்தச் சபையிலிருந்து விலகிவிட்டார். மாகாண மந்திரிகளுக்குப் பணமும் இல்லை, பணத்தை ஒதுக்கும் அதிகாரமும் இல்லை என்பது இரட்டை ஆட்சியில் எல்லோரும் கண்ட உண்மை. நாணயம், சுங்கம், ரயில்வே, ராணுவச் செலவு ஆகிய யாவும் டில்லியில் தீர்மானமாயின. பொருளாதாரம் படித்த ஒரு வாலிபருக்கு டில்லியின்மீது நாட்டம் விழுந்ததில் வியப்பில்லை.

அப்போது தேசபந்து சித்தரஞ்சன் தாஸும் பண்டித மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்திருந்தார்கள். சட்டசபைகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே போர் செய்வது அக்கட்சியின் கொள்கை. ஷண்முகம் செட்டியார் அதில் சேர்ந்து மத்திய சட்டசபைக்குச் சென்றார். சில காலத்துக்குள் கட்சியின் கொறடாவாகவும் நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற, முப்பது வயதைச் சற்றே கடந்த ஒருவரிடம் மோதிலால்ஜி அந்தப் பொறுப்பை ஒப்புவித்தார் என்றால், ஆளைப் பார்த்துத்தான் ஒப்புவித்திருக்க வேண்டும். கொறடாவின் வேலை மேடையில் முழங்குவதன்று. யார் எந்தக் கட்சிக்காரர், யாருக்கு எந்த மசோதாவில் என்ன நாட்டம், வாக்கெடுப்பு வேளையில் யார் நடைக்கூடத்தில் நின்றுவிடுவார் என்பவையெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

அந்த வருஷங்களில் அச்சபையில் நடைபெற்ற வாதங்கள் பெரும்பாலும் காசைப் பற்றியவையே. லங்காஷயர் துணிக்குப் போட்டி வரக்கூடாதென்பதற்காக 1896 முதல் இந்திய மில் துணியின்மீது சுமத்தப்பட்டிருந்த நூற்றுக்கு மூன்றரை வீதமான கலால் வரி, இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக 1925-ம் வருஷக் கடைசியில் நிறுத்தப்பட்டு மறு வருஷம் ஒழிந்தது. ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்ஸாக வைப்பதா, 1 ஷில்லிங் 6 பென்ஸாக வைப்பதா என்ற போராட்டம் 1927-ல் மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் சர்க்காருக்கு அனுகூலமாக முடிந்தது. இரண்டு பென்ஸுக்கு இவ்வளவு சண்டையா என்று நினைக்கலாம். ரூபாயின் மதிப்பு ஏறினால் அந்நியச் சாமான் மலிவாகும். நமது விவசாயி விற்கும் பஞ்சுக்கும் நிலக்கடலைக்கும் கிடைக்கும் ரூபாய் குறையும். இது திருப்பூர்ச் சந்தைக்கு வண்டி கட்டிச் சென்ற குடியானவரின் மடியைத் தொட்ட விஷயம். இந்தச் சபைதான் ஷண்முகம் செட்டியாருக்குப் பொருளாதாரத்தின் இரண்டாவது கலாசாலையாக அமைந்தது. 1920-களின் பிற்பகுதியில் இந்திய முதலாளிகளின் பிரதிநிதிக்கு ஆலோசகராக ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாட்டுக்கும் சென்று வந்தார்.

இனி வருவது நமக்கு உவப்பில்லாத அத்தியாயம். லாகூர் காங்கிரஸ் தீர்மானத்துக்கிணங்க 1930-ன் துவக்கத்தில் காங்கிரஸ்காரர்கள் சட்டசபைகளை விட்டு விலகினார்கள். உப்பு சத்தியாக்கிரகம் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். சபைத் தலைவராக இருந்த விட்டல்பாய் பட்டேலும் ராஜினாமாச் செய்து வெளியேறினார். ஷண்முகம் செட்டியார் வெளியேறவில்லை. காங்கிரஸ் இல்லாத தேர்தலில் மீண்டும் உறுப்பினராகி, 1931-ல் சபையின் உபதலைவராகவும், 1933-ல் ஸர் இப்ராஹிம் ரஹிமதுல்லா விலகியபின் தலைவராகவும் ஆனார். அதே வருஷத்தில் ஸர் பட்டமும் கிடைத்தது. சபையை அவர் நடத்திய முறையில் பக்ஷபாதமில்லை என்றும், விதிகளில் அவருக்கு இருந்த தேர்ச்சி அபாரமென்றும் எதிர்த் தரப்பாரும் ஒப்புக்கொண்டிருந்தனர். ஆனால் தேசத்தின் பாதித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது நடுநிலை வழுவாமல் நடத்தப்பட்ட அந்தச் சபை யாருடைய சபை என்ற கேள்வியை அன்றைய தேசியவாதிகள் கேட்டார்கள். கேட்டது நியாயமே.

இதற்கிடையில் 1932-ல் கானடா தேசத்து ஒட்டாவா நகரில் சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாடு கூடிற்று. ஸர் அதுல் சட்டர்ஜியின் தலைமையில் சென்ற இந்தியத் தூதுகோஷ்டியில் ஷண்முகம் செட்டியாரும் ஒருவர். பிரிட்டிஷ் சாமான்களுக்கு இந்தியாவில் குறைந்த சுங்கம், இந்தியச் சாமான்களுக்குப் பிரிட்டனில் சலுகை என்பது ஒப்பந்தத்தின் சாரம். உலகமெங்கும் மந்தம் பீடித்து ஒவ்வொரு தேசமும் சுங்கச் சுவர் எழுப்பிக் கொண்டிருந்த நாளில், இருக்கிற சந்தையையாவது காப்பாற்றிக் கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்தை ஆதரித்தோர் வாதம். நாம் விற்பது பெரும்பாலும் கச்சாப் பொருள். அதை எவரும் வாங்கித்தான் தீர வேண்டும். ஆகையால் நாம் பெறும் சலுகை ஏட்டளவில் நிற்க, கொடுக்கும் சலுகையோ நமது இளம் தொழில்களைத் தாக்கும் என்பது தேசியவாதிகளின் மறுப்பு. 1932-ம் வருஷக் கடைசியில் காங்கிரஸ் இல்லாத சபை அதை அங்கீகரித்தது. காங்கிரஸ் திரும்பி வந்தபின் 1936-ல் அதே சபை அதை முடித்துவிடும்படி தீர்மானித்தது. ஷண்முகம் செட்டியார் கெட்ட எண்ணத்துடன் கையெழுத்திட்டதாக நாம் கருதவில்லை. கணக்கில் வல்லவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரில் வைத்த கணக்கை மிகச் சரியாகப் போடுவார்கள். அந்தக் கணக்கை வைத்தவன் யார் என்று பார்க்க மறந்துவிடுவார்கள்.

வாக்காளர்கள் மறக்கவில்லை. 1934 நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரான சாமி வேங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோல்வியுற்றார். மத்திய சட்டசபையின் தலைவர் பீடத்தில் அமர்ந்திருந்தவரை வர்த்தகர்களின் தொகுதியே கைவிட்டது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் அரண்மனையில் இந்தச் செய்தி எவ்வாறு வரவேற்கப்பட்டிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தோற்றவருக்குக் கொச்சி சமஸ்தானத்தின் திவான் பதவி கிடைத்தது. 1935 முதல் 1941 வரை அங்கே நிர்வாகம் செய்தார். கொச்சித் துறைமுகத்தை நாம் கேரளத்துச் சொத்தாக மட்டும் எண்ணுவது தவறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டின் பஞ்சுக்கும் துணிக்கும், நீலகிரி, ஆனைமலைத் தேயிலைக்கும் கடலுக்குச் செல்லும் வாசல் அதுவே. ராபர்ட் பிரிஸ்டோ என்ற என்ஜினீயர் மணல் திட்டை வெட்டி 1928-ல் பெரிய கப்பல்களை உள்ளே வரச் செய்திருந்தார். 1936-ல் அது இந்திய சர்க்காரின் நேர் நிர்வாகத்தில் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. சென்னை, கொச்சி, திருவிதாங்கூர், டில்லி என நான்கு சர்க்கார்கள் பங்கு கேட்டு நின்ற அத்துறைமுகத்தின் வளர்ச்சிக் காலத்தில் திவானாக இருந்தவர் இவர். 1938-ல் சில இலாகாக்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரி ஒருவரிடம் ஒப்புவிக்கும் சீர்திருத்தமும் அங்கு வந்தது. சமஸ்தானங்களில் அது அபூர்வமான காரியம். ஆனால் 1936-ல் திருச்சூர் நகரின் மின்சார விநியோகத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கத் துணிந்தபோது நகர மக்கள் திரண்டெழுந்து கிளர்ச்சி செய்தார்கள். ஜனங்களின் பொதுச் சொத்தைத் தனி முதலாளியிடம் கொடுப்பதா என்பதே அவர்களுடைய ஆக்ஷேபம். கொச்சியின் பிற்கால ராஜீய இயக்கத்துக்கு அந்தக் கிளர்ச்சி ஒரு பாலபாடமாயிற்று. முதலாளியின் திறமையில் திவானுக்கிருந்த நம்பிக்கை, முதலாளியைப் பற்றி ஜனங்களுக்கிருந்த சந்தேகத்தை அறிந்துகொள்ளவில்லை.

யுத்தகாலத்தில் அமெரிக்காவில் இந்தியாவுக்கான தளவாடங்களை வாங்கும் தூதுகோஷ்டிக்குத் தலைமை வகித்தார். அதனினும் முக்கியமானது 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 தேசத்தார் கூடிய நாணய மகாநாடு. சர்வதேச நாணய நிதியும் உலக பாங்கியும் அங்கேதான் உருவாயின. இந்தியக் கோஷ்டிக்குத் தலைவர் வெள்ளைக்கார நிதி மெம்பரான ஸர் ஜெரிமி ரெய்ஸ்மன். ரிசர்வ் பாங்கிக் கவர்னர் சிந்தாமணி தேஷ்முக்கும் உடனிருந்தார். உத்தியோகப் பற்றில்லாத பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் பம்பாய் ஏ. டி. ஷ்ராபும் ஷண்முகம் செட்டியாரும். யுத்தத்துக்காக இந்தியா வழங்கிய சாமானுக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் கொடுக்கவில்லை. லண்டனில் ஒரு கணக்கில் வரவு வைத்தது. வங்காளத்தில் லக்ஷக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த அதே வருஷங்களில் அந்தக் கணக்கு வளர்ந்து வந்தது. 1946-ல் அது சுமார் 1,700 கோடி ரூபாயாக நின்றது. அதில் ஒரு பகுதியையாவது எந்தத் தேசத்திலும் செலவிடத்தக்க நாணயமாக மாற்றித் தர வேண்டும் என்று இந்தியப் பிரதிநிதிகள் வாதாடினார்கள். அது கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று கெயின்ஸ் பிரபு தட்டிக் கழித்துவிட்டார். இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு ஒதுக்கப்பட்டது. சீனாவுக்கு 55 கோடி, பிரான்ஸுக்கு 45 கோடி. பின்னர் ருஷ்யா சேராமையால் நிதியின் நிர்வாக சபையில் இந்தியாவுக்கு நிரந்தரமான இடம் கிடைத்தது. ஒட்டாவாவுக்குச் சென்ற ஷண்முகம் செட்டியாரும் பிரெட்டன் உட்ஸுக்குச் சென்ற ஷண்முகம் செட்டியாரும் ஒரே நபர்தாமா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்நியன் வைத்த கணக்கை இம்முறை அவர் ஏற்கவில்லை; தேசத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு போனார்.

1947 ஆகஸ்ட் 15-ல் நேரு அமைத்த முதல் மந்திரி சபையில் காங்கிரஸுக்குப் புறம்பானவர்கள் சிலரும் இடம்பெற்றார்கள். டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரி. சியாம பிரசாத் முகர்ஜி கைத்தொழில் மந்திரி. ஷண்முகம் செட்டியார் நிதி மந்திரி. காங்கிரஸின் நெடுநாள் எதிரிகளும் விரோதிகளும் ஒரே மேஜையில் அமர்ந்த அந்தக் காட்சியை நினைக்குந்தோறும் அந்தத் தலைவர்களின் மனவிரிவை மெச்சாதிருக்க முடியவில்லை.

நவம்பர் 26-ந் தேதி முதல் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. பதின்மூன்று வருஷங்களுக்கு முன் அவர் தலைவராக வீற்றிருந்த அதே மண்டபத்தில், இப்போது மவலங்கர் தலைவராக அமர்ந்திருக்க, கீழே மந்திரிகளின் வரிசையிலிருந்து எழுந்து நின்று பேசினார். ஆகஸ்ட் 15 முதல் 1948 மார்ச் 31 வரைக்குமான ஏழரை மாதக் கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. செலவில் ஏறக்குறையப் பாதியான 92.74 கோடி ராணுவத்துக்கு. பஞ்சாபிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகளுக்காகச் சுமார் 22 கோடி ஒதுக்கப்பட்டது. தேசம் இரண்டாக வெட்டுண்டு, காஷ்மீரத்தில் சண்டை நடந்து, தானியம் கப்பலில் வந்திறங்கிக் கொண்டிருந்த சமயம். பற்றாக்குறை 26.24 கோடி. ஜனங்கள்மீது புது வரிகளைச் சுமத்தும் வேளை அதுவன்று என்று கண்டு, ஒரே ஒரு புதிய வரியைத்தான் அவர் விதித்தார். அந்த வரி எதன்மீது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாடு செல்லும் பருத்தித் துணி, நூல் ஆகியவற்றின்மீது! முழு வருஷத்துக்கு 8 கோடி ரூபாய் வருமென்று மதிப்பிடப்பட்டது. வெளியே துணி நல்ல விலை போகிறது, ஆலைகளுக்குக் கொள்ளை லாபம் கிடைக்கிறது என்பதை அறிய அவருக்கு அதிகாரிகளின் குறிப்பு வேண்டியதில்லை. ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர் தம் வகுப்பாரின் மடியில் கை வைத்தார். அவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோர் இந்த வரியையும் சாட்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதத்துக்குள் வேறொரு சோதனை நேர்ந்தது. பிரிவினை ஏற்பாட்டின்படி ரொக்கக் கையிருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி. அதில் 20 கோடி முன்பே கொடுபட்டது. காஷ்மீரத்தில் படையெடுப்பு நடக்கையில் மிச்சமான 55 கோடியைக் கொடுப்பது, நம்மைச் சுடுவதற்கு நாமே குண்டு வாங்கித் தருவதாகும் என்பது சர்தார் பட்டேலின் எண்ணம். நிதி மந்திரியும் அதே பக்ஷம். 1948 ஜனவரி 13-ல் மகாத்மா உண்ணாவிரதம் துவக்கினார். இரண்டு தினங்களில் பணத்தைக் கொடுத்துவிடுவதென்று மந்திரி சபை முடிவு செய்தது. அம்மாதம் 30-ந் தேதி மகாத்மாவைச் சுட்டுக் கொன்றான் ஒரு பாதகன். ஒப்புக்கொண்ட கடனைத் தகராறு காரணமாக நிறுத்தி வைக்கலாமா என்பது வக்கீல்கள் இரு தரப்பிலும் வாதாடத்தக்க விஷயந்தான். மகாத்மா அதை வக்கீலாகப் பார்க்கவில்லை.

1948 பிப்ரவரி 28-ந் தேதி சமர்ப்பித்த இரண்டாவது திட்டத்தில் செலவு சுமார் 257 கோடி. தொழில் வளர மூலதனம் வேண்டும், மூலதனம் வெளிவர வேண்டுமானால் முதலாளிகளின் பயம் நீங்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அவர் காலத்தில்தான் கைத்தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் தொழில் நிதிக் கார்ப்பொரேஷன் சட்டம் நிறைவேறி, அந்த ஸ்தாபனம் 1948 ஜூலையில் தொடங்கியது. ரிசர்வ் பாங்கியைத் தேசத்தின் உடைமையாக்கும் முடிவும் அவர் காலத்தது. சட்டம் அவர் விலகிய சில தினங்களில் நிறைவேறி, 1949 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. முதலாளிகளின் மனிதர் என்று சமதர்மவாதிகள் அவரைக் கண்டித்தார்கள். பாங்கியைச் சர்க்காருடைமை ஆக்குவதா என்று பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த ஜூலையில் லண்டனுக்குச் சென்று ஸ்டெர்லிங் கணக்கைப் பற்றிப் பேசி முடித்தவரும் அவரே. பிரெட்டன் உட்ஸில் தட்டிக் கழிக்கப்பட்ட அதே வழக்கு, நான்கு வருஷத்துக்குப் பின், இப்போது சுதந்திர சர்க்காரின் மந்திரியால் நடத்தப்பட்டது. வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற ராணுவச் சாமான்களுக்காக 10 கோடி பவுன், அவர்களுடைய உத்தியோகஸ்தர்களின் பென்ஷனுக்காக 16 கோடி 80 லக்ஷம் பவுன் என்று நமது கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. மூன்று வருஷங்களில் 8 கோடி பவுன் புதிதாக விடுவிக்கப்படும் என்று ஏற்பாடாயிற்று. நம்மை ஆண்டவர்களின் ஓய்வூதியத்தை நாமே முன்பணமாகக் கட்டுவதா என்ற கசப்பு அன்று பலருக்கு இருந்தது. ஆனால் கடனையே வெட்டிக் குறைக்க வேண்டும் என்ற கூச்சல் லண்டனில் பலமாக எழுந்திருந்த காலம் அது. கடன் முழுதும் கடனாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது சிறிய வெற்றியன்று.

லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் பதவி போயிற்று.

யுத்தகாலத்தில் கள்ளச்சந்தையிலும் பொய்க் கணக்கிலும் சேர்ந்த பணத்தை வெளிப்படுத்துவதற்காக 1947-ல், லியாகத் அலிகான் நிதி மெம்பராக இருந்தபோது, வருமான வரி விசாரணைக் கமிஷன் ஒன்று சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்டது. ஸர் எஸ். வரதாசாரியார் அதன் தலைவர். பெருமளவில் வரி ஏய்த்தவர்கள் என்று நம்புவதற்கு இடமுள்ளவர்களின் பெயர்களைச் சர்க்கார் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட ஜாபிதாவிலிருந்து சில பெயர்கள் பின்னர் நீக்கப்பட்டிருந்தன என்பது வெளியாயிற்று. அவற்றுள் கோயமுத்தூர் ஆலை முதலாளிகளின் பெயர்களும் இருந்தன என்று அன்று தேசமெங்கும் பேசப்பட்டது. நீக்கியவர் யார், எந்தக் காரணத்தால், யார் எழுதிய குறிப்பின்மேல் என்பன பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். நிதி இலாகாவின் கோப்பில் நடந்தவற்றுக்கு நிதி மந்திரியே பொறுப்பாளி என்பதில் மாத்திரம் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. நேருவுக்கும் அவருக்கும் இது பற்றி வேற்றுமை முற்றியது. 1948 ஆகஸ்ட் 17-ந் தேதியோடு அவருடைய மந்திரி பதவி முடிவுற்றது. அவருக்குப் பின் டாக்டர் ஜான் மத்தாய் நிதி இலாகாவை ஏற்றார்.

அந்த வருஷத்து நிலைமையை எண்ணிப் பார்த்தால் இந்தச் சங்கதியின் கனம் விளங்கும். 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. விலை விஷம்போல் ஏறியது. ஏழைக்கு வேஷ்டி கிடைக்கவில்லை. ஆலைகள் லாபத்தில் மிதந்தன. ஜூலைக் கடைசியில் கட்டுப்பாடு மீண்டும் வந்தது. கோபத்தில் இருந்த ஜனங்களுக்கு, ஆலைக்காரர்களின் பெயர்கள் வரி ஜாபிதாவிலிருந்து மறைந்தன என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? தம் ஊராரும் உற்றாரும் சம்பந்தப்பட்ட கோப்பு தமது மேஜைக்கு வந்தால், அதில் நியாயமே இருந்தாலும், கையெழுத்துப் போடாமல் மற்றொருவரிடம் அனுப்பிவிடுவதே முறை. நியாயாதிபதிகள் தினந்தோறும் கைக்கொள்ளும் ஒழுங்கு இது. வழக்காடுவோர் தமக்கு வேண்டியவராயின் அந்த வழக்கைக் கேட்க மாட்டேன் என்று நியாயாதிபதி எழுந்துவிடுவார். சபைத் தலைவராக இருந்து அத்தகைய ஒழுங்குகளைப் பிறருக்கு எடுத்துரைத்தவர், தம்முடைய இலாகாவில் அதற்கு வழி செய்யாமற் போனார் என்பதே நமது குறை. அவர் தமக்கென்று ஒரு காசு எடுத்தார் என்று எவரும் நிரூபித்ததில்லை.

அவர் ஊராராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம்மவர் மந்திரியானால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டு ரயிலேறி டில்லிக்குப் போகிற வழக்கம் அன்று துவங்கியதன்று, அன்றோடு முடிந்ததுமன்று. துணிக்கு வரி போட்டபோது அவரை ஏசியவர்களே, ஜாபிதா தயாரானபோது அவருடைய வாசலில் நின்றிருக்க மாட்டார்களா? பெயர் சொல்லி எவரையும் குற்றஞ்சாட்ட நமக்கு ஆதாரமில்லை. இந்த ஊரை நாம் அறிவோம்; அவ்வளவே.

கமிஷனின் சட்டத்துக்குப் பின்னால் நேர்ந்த கதியையும் சொல்லிவிட வேண்டும். வக்கீல் தொழில் பயின்ற கைக்கு இதை எழுதாமலிருக்க இயலவில்லை. 1954-ல் சூரஜ்மல் மோதா வழக்கிலும் 1955-ல் முத்தையா வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, அரசியல் சாசனத்தின் 14-வது ஷரத்து அளிக்கும் சமத்துவத்துக்கு விரோதமானவை என்று செல்லாததாக்கியது. ஒரே விதமான வரி ஏய்ப்பாளர்களில் சிலரை மாத்திரம் கடுமையான நடைமுறைக்கு உட்படுத்தி, மற்றோரைச் சாதாரணச் சட்டத்துக்கு விடுவது தகாது என்பது தீர்ப்பின் கருத்து. எந்த ஜாபிதாவினால் ஒரு நிதி மந்திரி வீழ்ந்தாரோ, அந்த ஜாபிதாவுக்கு ஆதாரமான சட்டமே விழுந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

பதவியிழந்தபின் அவர் மூலையில் முடங்கவில்லை. அவருக்குத் தமிழில் இருந்த ஈடுபாடு நாகரிகத்துக்காகப் பூண்டதன்று. ரேஸ் கோர்ஸிலுள்ள தம் மாளிகைக்குக் கிளாட்ஸ்டனுடைய வீட்டின் பெயரான ஹாவர்டன் என்பதைச் சூட்டிய அதே மனிதர்தாம், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி 1946-ல் கோயமுத்தூரில் வெளியிட்டார். வணிகர் நகரமாகிய புகாரில் அவருடைய மனம் லயித்தது இயல்பே. மதுரைக் காண்டத்தில், ஆராயாது அளித்த ஆணைக்காக அரசன் உயிர் துறக்கும் கட்டத்தை அவர் 1948-க்குப் பிறகு எப்படிப் படித்திருப்பார் என்று நாம் சில சமயம் எண்ணுவதுண்டு. செட்டிநாட்டு ராஜா அண்ணாமலைச் செட்டியார் துவக்கிய தமிழிசை இயக்கத்தில் முன்னின்று, 1943-ல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்பது வகுப்புவாதம் என்று சில பத்திரிகைகள் எழுதிய நாட்களில் அவர் அசையவில்லை. அண்ணாமலை சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் இருந்தார்.

1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சியையும் சாராமல் நின்று சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்; இடையில் டில்லி, ஜினீவா, ஒட்டாவா, எர்ணாகுளம், வாஷிங்டன், லண்டன் யாவும் கடந்துவிட்டன. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிட்டாத அந்தச் சபையில் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தார். புதிய உறுப்பினர்கள் பலருக்கு அவர் ஒரு பழங்காலத்துப் பெயர்.

1953 மே மாதம் 5-ந் தேதி, தமது அறுபத்தொன்றாம் வயதில், கோயமுத்தூரிலேயே காலமானார்.